டிபி மாத்திரை சாப்பிடுத மாமா 16 மணி நேரம் பட்டினி கெடந்தா ஆட்டோஃபேஜி கிருமிய தின்னுருமா?

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவரு மாமாவுக்கு டிபின்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டாவது மாசம் ஓடுது, சுகரும் உண்டு. யாரோ வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்காவ, 16 மணி நேரம் வயித்த காயப்போட்டா ஆட்டோஃபேஜி ஸ்டார்ட் ஆயிரும், அது டிபி கிருமி கேன்சர் செல்லு எல்லாத்தையும் தின்னு தீத்துரும், இதுக்குத்தான் ஜப்பான்காரருக்கு நோபல் பரிசே குடுத்தாவன்னு. அத நம்பி மாமா ராச்சாப்பாட்ட நிறுத்திட்டாராம். "அண்ணாச்சி, ஆட்டோஃபேஜி கூடுனா எதிர்ப்பு சக்தி கூடுமா, இது சரியா"ங்கதுதான் கேள்வி.

தம்பி, மொதல்ல முடிவ சொல்லிருதேன், காரணத்த பொறவு பேசுவோம். மாமா இன்னைக்கு ராத்திரியே சாப்பிடணும். டிபி மாத்திரை ஓடும்போது பட்டினி கெடக்கது தப்பு, சுகர் மருந்தும் சேத்து போட்டுக்கிட்டு கெடக்கது அதவிடத் தப்பு. நான் டாக்டர் கிடையாது, காலேஜ்ல செல் பயாலஜி எடுக்குத வாத்தியாரு, அதனால மருந்து விஷயத்துல டாக்டர் சொல்லுததுதான் கணக்கு. ஆனா அந்த வீடியோவுல சொன்ன சங்கதி எங்கன இருந்து கெளம்புச்சு, எங்கன கோணிப்போச்சுன்னு என்னால சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஆட்டோஃபேஜிங்கது பொய் இல்ல. நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளயும் நடக்க வேலை அது. பழசாப்போன புரோட்டீன், கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு சக்தி செய்யுத உறுப்பு), சமயத்துல உள்ள நுழைஞ்ச கிருமி, இப்படி எதையாவது சுத்தி ஒரு ரெட்டைச் சவ்வு வளைஞ்சு வளந்து கடைசில வாய மூடிக்கிடும், அந்தப் பொட்டலம் போயி லைசோசோம்ங்க செரிமானப் பையில சேரும், லைசோசோமுக்குள்ள பிஎச் 5க்கும் கீழ, நல்ல அமிலம், அம்பதுக்கு மேல என்சைம் வேற கெடக்கு, அதுக உள்ள வந்தத வெட்டி அமினோ அமிலம் கொழுப்புன்னு பிரிச்சு செல்லுக்கே திருப்பிக் குடுத்துரும். லைசோசோம கண்டுபிடிச்சது பெல்ஜியத்துக்காரரு கிறிஸ்டியான் டி டூவ், 1955ல. ஆட்டோஃபேஜின்னு பேரு வச்சதும் அவருதான், 1963ல. அவருக்கு 1974லயே நோபல் கெடச்சாச்சு.

வீடியோக்காரன் சொல்லுத ஜப்பான்காரரு யோஷினோரி ஓசுமி. அவரு வேலை பாத்தது மனுசன்கிட்ட இல்ல, ஈஸ்ட்ல. லைசோசோமுக்கு பதிலா ஈஸ்டுக்கு வேக்குவோல்னு ஒண்ணு உண்டு. அதுல செரிக்க வைக்க என்சைம் இல்லாத ஈஸ்ட எடுத்து சாப்பாடு இல்லாம போட்டாரு, உள்ள போன பொட்டலம் செரிக்காம அங்கனயே குமிஞ்சு கெடந்துச்சு, சாதாரண மைக்ராஸ்கோப்லயே தெரிஞ்சுச்சு. 1992ல அது பேப்பரா வந்துச்சு, அடுத்த வருசமே இதுக்கு வேண்டிய 15 ஜீன் இன்னதுன்னு அடையாளம் காட்டுன பேப்பரும் வந்துச்சு, அதே ஜீனுங்க நம்மகிட்டயும் இருக்குன்னு பின்னால தெரிஞ்சுது. எனக்கு அந்தப் பரிசோதனைய வகுப்புல சொல்லும்போது இப்பவும் ஒரு சந்தோசம் வரும், அவ்வளவு எளிசான யோசனை. 2016ல நோபல் குடுத்தது இதுக்குத்தான், 16 மணி நேர டயட்டுக்கு இல்ல.

சாப்பாடு கொறஞ்சா ஆட்டோஃபேஜி கூடுங்கதும் உண்மைதான். சாப்பிட்டவுடனே இன்சுலினும் அமினோ அமிலமும் ஏறும், எம்டார்னு ஒரு புரோட்டீன் முழிச்சுக்கிட்டு ஆட்டோஃபேஜிய அமுக்கி வைக்கும், பட்டினில எம்டார் அடங்கும், ஏஎம்பிகேன்னு இன்னொண்ணு கெளம்பி இத தொறந்து விடும். எலியில 24 மணி நேரம் பட்டினி போட்டா ஈரல்லயும் தசையிலயும் கண்ணால பாக்க அளவுக்கு பொட்டலம் கூடுது. ஆனா எலி சின்ன உடம்பு, ஒரு நாள் பட்டினிலயே அதுக்கு எடை ரொம்ப எறங்கிரும், நமக்கு ராத்திரி இட்லிய விடுதது அதுக்குச் சமம் ஆவாது. மனுசனுக்கு இத்தன மணி நேரத்துல இந்த உறுப்புல இவ்வளவு கூடும்னு சொல்ல ஒரு ரத்த டெஸ்ட்டு கூட ஆஸ்பத்திரில கிடையாது. 16ங்க நம்பர அச்சடிச்ச மாதிரி சொல்லுதவன்கிட்ட எத வச்சு அளந்தீயன்னு மட்டும் கேளுங்க.

இதுல ஒரு விஷயம் எனக்கு முக்கியமாப் படும். 2004ல ஜப்பான்ல ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய ஏடிஜி5ங்க ஜீன் இல்லாத எலிக்குட்டிய உண்டாக்குனாவ. பொறக்கும்போது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு நாளுக்குள்ள செத்துப்போச்சு. தொப்புள்கொடி அறுந்து பால் கெடைக்க வரைக்கும் இருக்க அந்தக் கொஞ்ச நேரத்த தன் உடம்புல இருந்தே எடுத்து சமாளிக்க முடியல. ஆக ஆட்டோஃபேஜி சும்மா எப்பவும் ஓடிக்கிட்டே இருக்க அடிப்படை வேலை, ஆன் பண்ணாத்தான் ஓடும்னு ஒரு சுவிட்ச் கிடையாது, நெதம் மூணு வேளை சாப்பிடுதவனுக்கும் அது ஓடத்தான் செய்யுது.

இப்ப எதிர்ப்பு சக்திக்கு வருவோம். இங்க ஆட்டோஃபேஜி பாக்க வேலை ஒண்ணு ரெண்டு இல்ல, சிலது ஒண்ணுக்கொண்ணு எதிராக்கூட இருக்கும், அதுதான் இந்த வீடியோக்காரங்களுக்குப் பிடிபடாத எடம்.

மொத வேலை கிருமியப் பிடிக்கது. சால்மோனெல்லான்னு ஒரு பாக்டீரியா, டைபாய்டு கிருமி இந்தக் குடும்பந்தான், அது செல்லுக்குள்ள ஒரு சவ்வுப் பைக்குள்ள உக்காந்துக்கிட்டு வளரும். சில நேரம் அந்தப் பை கிழிஞ்சிரும். பையோட உள்பக்கம் ஒட்டியிருக்க சர்க்கரைச் சங்கிலி செல்லுக்கு உள்பக்கம் ஒருநாளும் தெரியக் கூடாதது, கிழிஞ்சா தெரிஞ்சிரும். கேலக்டின்-8னு ஒரு புரோட்டீன் அத வந்து பிடிச்சுக்கிடும், அது என்டிபி52னு இன்னொருத்தர கூப்பிடும், அவரு பின்னாலயே சவ்வு வந்து மூடிரும். கிருமி எதுன்னு செல்லுக்குத் தெரிய வேண்டாம், சவ்வு கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சாப் போதும். இதக் கண்டுபிடிச்சது கேம்பிரிட்ஜ்ல, 2012ல. கிருமியும் சும்மா இருக்கல. ஷிகெல்லா தன் மேல இருக்க அடையாளத்த ஒரு புரோட்டீன வச்சு மறைச்சுக்கிடுது, லெஜியோனெல்லா அந்தச் சவ்வுல ஒட்டுத நம்ம எல்சி3ங்க புரோட்டீனையே கத்திரிச்சு விட்டுருது, உதட்டுல புண்ணு உண்டாக்குத ஹெர்பிஸ் வைரஸ் ஆட்டோஃபேஜிய தொடங்கி வைக்க பெக்லின்-1ங்க புரோட்டீனப் பிடிச்சு கட்டிப்போட்டுருது.

ரெண்டாவது வேலை இதுக்கு நேர் எதிர், எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்கது. கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவ வெளியேத்தலன்னா அதுல இருந்து டிஎன்ஏ கசியும், செல்லு அத கிருமின்னு நெனைச்சு இன்ஃப்ளமசோம்னு ஒரு எந்திரத்த கூட்டும், வீக்கத்த கெளப்புத ஐஎல்-1 பீட்டாங்க பொருள் கொட்டும், காய்ச்சல் வீக்கம் எல்லாம் வரும். 2008ல ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய ஏடிஜி16எல்1 ஜீன் வேலை செய்யாத எலி செல்லுல பாக்டீரியாவோட நச்சப் போட்டப்ப ஐஎல்-1 பீட்டா அளவுக்கு மீறி வந்துச்சு. அப்ப ஆட்டோஃபேஜி ஒழுங்கா ஓடுத உடம்புல எதிர்ப்பு சக்தி பல சமயம் கொறச்சலாத்தான் கத்தும், கூடுதலா இல்ல. "எதிர்ப்பு சக்தி கூடும்"னு ஒரே வார்த்தையில சொல்லி முடிக்கது இங்கயே அடிபட்டுப் போவுது.

இன்னும் உண்டு. செல்லுக்குள்ள இருக்க வைரஸ் துண்ட டி செல்லுங்க வெள்ளணுவுக்கு எடுத்துக் காட்டுதது, ஆன்டிபாடி செய்யுத பிளாஸ்மா செல்லு நாள்பட உயிரோட இருக்கது, தடுப்பூசி ஞாபகத்த வச்சிருக்க டி செல்லு தாக்குப்பிடிக்கது, எல்லாத்துலயும் ஆட்டோஃபேஜிக்குப் பங்கு இருக்கு. அத விரிச்சா இங்க எடம் காணாது.

இனி டிபி. உங்க மாமா விஷயமே இதுதான், இத நிதானமாப் பாப்போம்.

டிபி கிருமி மூச்சோட நுரையீரல் காத்தறைக்குள்ள போவும், அங்கன காவலுக்கு இருக்க மேக்ரோஃபேஜ் அத முழுங்கும். வழக்கமா முழுங்கின பை லைசோசோமோட சேந்து கிருமி செத்துரணும். இவன் சாவ மாட்டான், விருந்தாளியா உள்ள வந்துட்டு உள்தாழ்ப்பா போட்டுக்கிடுத ஆளு, பைய லைசோசோம்கிட்ட போவ விடாம நிறுத்திருவான். அதோட இஎஸ்எக்ஸ்-1னு ஒரு சாமான் வச்சிருக்கான், அதால பையக் குத்தி கிழிப்பான். அந்தக் கிழிசல்லதான் ஆட்டோஃபேஜிக்கு வாய்ப்பு வருது. 2004ல அமெரிக்காவுல வோஜோ டெரெடிச்னு ஒருத்தரோட லேப்ல மேக்ரோஃபேஜ தட்டுல வளத்து, டிபி கிருமி ஏத்தி, அமினோ அமிலம் இல்லாத திரவத்துல பட்டினி போட்டாவ, இன்னொரு தட்டுல எம்டார அமுக்குத ராபமைசின் மருந்தப் போட்டாவ, ரெண்டுலயும் கிருமி கொறஞ்சுச்சு. பெரிய கண்டுபிடிப்புதான், உலகம் பூரா அது பின்னால ஓடுச்சு. "பட்டினி டிபியக் கொல்லும்"ங்க பேச்சோட வேரு எனக்குத் தெரிஞ்சு இங்கதான் இருக்கு. தம்பி, பட்டினி போட்டது செல்ல, மனுசன இல்ல. தட்டுல இருக்க செல்லுக்கு எடை எறங்காது, தசை கரையாது, டி செல்லு எண்ணிக்கை சரியாது.

பொறவு 2015ல உயிருள்ள எலியில ஒவ்வொரு ஜீனா எடுத்துப் பாத்தாவ. ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய பல ஜீன எடுத்தும் எலிக்கு டிபி பெருசா மோசமாவல. ஏடிஜி5 ஒண்ண எடுத்தா மட்டும் எலி சீக்கிரம் செத்துச்சு, அதுவும் மேக்ரோஃபேஜ் கிருமியக் கொல்லாததால இல்ல, நியூட்ரோஃபில்னு வேற வெள்ளணு அளவு மீறி வந்து குவிஞ்சு நுரையீரல அதுகளே நாசம் பண்ணுனதால. பத்து வருசமா பாடத்துல படம் போட்டு சொல்லிக் குடுத்த கதை அன்னைக்கு ஆட்டம் கண்டுச்சு. 2023ல மனுச ஸ்டெம் செல்லுல இருந்து வளத்த மேக்ரோஃபேஜ்ல பாத்தா ஏடிஜி7, ஏடிஜி14 இல்லாதப்ப கிருமி நல்லா பெருகுது, ஆக மனுச செல்லுல அதுக்குப் பங்கு இருக்கத்தான் செய்யுது. எலிக்கும் மனுசனுக்கும் வித்தியாசமா, தட்டுக்கும் உடம்புக்கும் வித்தியாசமான்னு இன்னும் சண்டை நடக்கு. ஆராய்ச்சிக்காரங்களே இப்படி முட்டிக்கிட்டு இருக்கப்ப ரெண்டு நிமிச வீடியோவ நம்பி நோயாளி சோத்த விடுததுதான் எனக்கு எரிச்சலா வருது.

இப்படி தட்டுல பளிச்சுன்னு வந்து ஆளுக்கிட்ட ஒண்ணுமில்லாமப் போனதுக்கு வைட்டமின் டி நல்ல உதாரணம். அது மேக்ரோஃபேஜ்ல கேத்தலிசிடின்ங்க பொருள உண்டாக்கி ஆட்டோஃபேஜிய தூண்டி டிபி கிருமிய கொறைக்குன்னு செல்லுல காட்டுனாவ. மங்கோலியாவுல 8,800க்கும் மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வைட்டமின் டி குடுத்துப் பாத்தாவ, 2020ல முடிவு வந்துச்சு, டிபி தொத்துததுல குறிப்பிட்டுச் சொல்ல கொறச்சல் இல்ல.

கூடுனா நல்லதுன்னு சொல்லுதவனுக்கு நம்ம ஊரு நோயி ஒண்ணே பதில் சொல்லும். 2012ல கடையநல்லூர் பக்கம் டெங்கு எப்படி ஆட்டிப் படைச்சுன்னு நம்ம ஆளுங்களுக்கு மறந்திருக்காது, அப்ப அதெல்லாம் நம்ம திருநெல்வேலி மாவட்டந்தான், தென்காசி பிரியல. அந்த டெங்கு வைரஸ் ஆட்டோஃபேஜிய தன் சோலிக்குப் பயன்படுத்திக்கிடுத பய. செல்லுல சேத்து வச்சிருக்க கொழுப்புத் துளிய ஆட்டோஃபேஜி வழியா ஒடைக்க வச்சு, அதுல வார சக்தியில தான் பெருகிக்கிடுதுன்னு 2010ல காட்டுனாவ. போலியோ வைரஸும் அந்தச் சவ்வ தனக்கு எடமாக்கிக்கிடும். கொரோனா வைரஸ் வேற மாதிரி, ஓஆர்எஃப்3ஏங்க புரோட்டீன வச்சு பொட்டலம் லைசோசோமோட சேராம தடுத்துரும். ஆக டெங்கு காய்ச்சல் அடிக்க ஆளுக்கு ஆட்டோஃபேஜி கூட்டுதேன்னு கெளம்புனா யாருக்கு உதவி பண்ணுதோம்னே சொல்ல முடியாது.

கொறஞ்சா என்ன ஆவும்ங்கதுக்கு குரோன் நோய். குடல்ல புண்ணு வந்து வயித்தால போயி ஆளு மெலிஞ்சு போவ நோயி அது, நம்ம ஊருல குடல் டிபின்னு நெனைச்சு வைத்தியம் பாத்து பொறவு இதுன்னு கண்டுபிடிக்கதும் உண்டு. 2007ல ஐரோப்பியர்கள் மத்தியில ஜீன் அலசுனப்ப ஏடிஜி16எல்1ல 300ஆவது எடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தா குரோன் வார வாய்ப்பு கூடுன்னு தெரிஞ்சுது. குடல்ல பேனத் செல்லுன்னு உண்டு, கிருமிக்கொல்லிய துளித்துளியா வெளிய விடுதது அதோட வேலை, இந்த மாற்றம் உள்ளவங்களுக்கு அந்தத் துளிங்க ஒழுங்கா உருவாவல. ஆனா அந்த மாற்றம் ஐரோப்பாவுல ரொம்ப சாதாரணம், அத வச்சிருக்க பெரும்பாலானவங்களுக்கு குரோன் வாரதே இல்ல. 2010ல எலியில பாத்தாவ, ஜீன் கோளாறு மட்டும் இருந்தா குடல் தப்பிச்சுக்கிடுது, கூட நோரோவைரஸ் ஒண்ணு தொத்துனாத்தான் பேனத் செல்லு கெடுது. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச பரிசோதனை இதுதான், ஜீன் மட்டும் போதாது, கிருமி மட்டும் போதாது, ரெண்டும் சேரணும்.

கேன்சர் பத்தி ரெண்டு வரி. பெக்லின்-1 ஜீன் ஒரு பிரதி இல்லாத எலிக்கு கட்டி கூடுதலா வருது, அப்ப ஆட்டோஃபேஜி கேன்சர தடுக்குன்னு தோணும். ஆனா கட்டி வந்த பொறவு ரத்தம் சரியா எட்டாத நடுப்பகுதியில இருக்க கேன்சர் செல்லு உயிர் பொழைக்கது இதே ஆட்டோஃபேஜியாலதான், அதனால அத தடுக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின கீமோவோட சேத்து குடுத்துப் பாக்காவ. ஆமா, 2020ல கொரோனாவுக்குன்னு மெடிக்கல்ல அடிச்சுப்பிடிச்சு வாங்குன அதே மாத்திரைதான், கொரோனாவுக்கு அது பிரயோசனம் இல்லன்னு பெரிய டிரயல்ல தெரிஞ்சுபோச்சு. அது லைசோசோமோட அமிலத்தக் கொறச்சு ஆட்டோஃபேஜிய கடைசிக் கட்டத்துல மறிக்கும். அதே மாத்திரைய எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்குத லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் வருசக்கணக்கா குடுக்காவ, ஆளுங்க நல்லா இருக்காவ. அது வேலை செய்யுததுக்கு வேற காரணங்களும் உண்டு, இருந்தாலும் ஆட்டோஃபேஜிய மறிச்சாலே ஆபத்துன்னு பேசுதவன் இதுக்கு என்ன சொல்லுவான்?

பார்க்கின்சன் நோய்ல பிங்க்1, பார்க்கின்னு ரெண்டு ஜீன் கெட்டா பழைய மைட்டோகாண்ட்ரியாவ அடையாளம் போட்டு ஒதுக்க முடியாம சின்ன வயசுலயே நடுக்கம் வந்துரும். 2021ல ஏடிஜி7 பழுதான 12 பேர அஞ்சு குடும்பத்துல கண்டுபிடிச்சாவ, அவங்களுக்கு மூளை வளர்ச்சியிலதான் பெரிய பாதிப்பு. இது தனிக் கதை.

இப்ப மாமாவுக்கு வருவோம். டிபிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தத்துல நமக்கு கைல இருக்க ஆதாரம் எலியோ தட்டோ இல்ல, நம்ம நாட்டு ஆளுங்களே. ஜார்க்கண்ட்ல ரேஷன்ஸ்னு ஒரு ஆய்வு, முடிவு 2023ல வந்துச்சு. சுமார் 2,800 டிபி நோயாளிங்களுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய்னு எல்லாம் சேத்து மாசம் 10 கிலோ குடுத்தாவ, அவங்க வீட்டு ஆளுங்கள்ல ஒரு பாதிக்கு அரிசியும் பருப்பும் குடுத்தாவ. சாப்பாடு கெடச்ச வீட்டு ஆளுங்களுக்கு புதுசா டிபி வாரது 39% கொறஞ்சுச்சு. நோயாளிங்கள்ல மொத ரெண்டு மாசத்துல எடை 5% ஏறுனவங்களுக்கு சாவு ஆபத்து சுமார் 60% கொறவா இருந்துச்சு. உங்க மாமா இப்ப அதே ரெண்டாவது மாசத்துலதான் இருக்காரு, எடை ஏற வேண்டிய நேரத்துல எறக்கிக்கிட்டு இருக்காரு. தமிழ்நாட்டுல 2022ல இருந்து காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு நடக்கு, அதுல நோயாளி வந்தவுடனே மொதல்ல பாக்கது ஆளு எவ்வளவு மெலிஞ்சிருக்காரு, மூச்சு எப்படி, தானா எந்திரிச்சு நிக்க முடியுதா, இதத்தான்.

விரதத்துக்கு நான் எதிரி இல்ல. திருச்செந்தூர்ல கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருக்கவங்களும், மேலப்பாளையத்துல ரமலான் நோன்பு வைக்கவங்களும் நல்ல உடம்புக்காரங்க, அவங்க சாமிக்காக இருக்காவ. நோயாளிக்கு அங்கயும் விலக்கு உண்டு.

மாமாவுக்கு என்ன குடுக்கன்னா பெருசா ஒண்ணும் தேட வேண்டாம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், முட்டை, சாளை மீன் கெடைக்கப்ப சாளை, பருப்பு, மொச்சை, சுண்டல், மோர். சுகர் இருக்கதால சோத்தோட அளவையும் கருப்பட்டிக் காப்பியையும் மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. டிபி மாத்திரைய வெறும் வயித்துல போடச் சொல்லியிருந்தா அது காலையில மாத்திரை போடுத நேரத்துக்கு மட்டுந்தான், நாள் பூரா வெறும் வயித்தோட இருக்கச் சொன்னதா எடுத்துக்கிடக் கூடாது.

இன்னொண்ணு, யாரும் சொல்லாம விட்டிருந்தா இத கண்டிப்பா கேளுங்க. டிபி மாத்திரையில இருக்க ரிஃபாம்பிசின் கிளிமெபிரைட் மாதிரி சுகர் மாத்திரைய உடம்பு சீக்கிரமா ஒடைச்சுர வைக்கும், சுகர் ஏறும், அதனால டோஸ கூட்டுவாவ இல்லன்னா இன்சுலினுக்கு மாத்துவாவ. அப்படி கூட்டி வச்ச டோஸோட ராத்திரி சாப்பிடாமப் படுத்தா விடியக்காலம் சுகர் தடால்னு எறங்கி வேர்த்து மயங்கிருவாரு. மாமாவுக்கு என்ன சுகர் மருந்து ஓடுதுன்னு சீட்டப் பாருங்க, இத்தன நாள் ராத்திரி சாப்பிடாம இருந்தேன்னு மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க, எடையும் சுகரும் பாத்து டோஸ் முடிவு பண்ணுவாவ. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாக்கலாம், சுகர் ரொம்ப ஏறி எறங்குனா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாவ. நிக்‌ஷய் அரசாங்கத் திட்டத்துல டிபி நோயாளி சாப்பாட்டுக்குன்னு மாசம் 1,000 ரூபா மாமா பேங்க் கணக்குக்கு வரணும், 500 ரூபாயா இருந்தது 2024 நவம்பர்ல இருந்து 1,000 ஆச்சு. வரலன்னா பாஸ்புக்க எடுத்துக்கிட்டுப் போயி அங்கனயே கேளுங்க.